ஜூரி அறையின் காற்று

1750 ஏப்ரலில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை அமர்வு முடிந்த சில வாரங்களுக்குள், அங்கே இருந்தவர்களில் ஏறத்தாழ அறுபது பேர் இறந்துபோனார்கள். நகர மேயர், இரண்டு நீதிபதிகள், ஜூரர்கள் எனப் பலரும் அதில் அடக்கம். பக்கத்திலிருந்த நியூகேட் சிறையிலிருந்து கைதிகளோடு வந்த ‘சிறைக் காய்ச்சல்’ அவர்களைக் கொன்றது. கெட்ட காற்றுதான் காரணம் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். நீதிமன்றத்தில் மணமூட்டும் மூலிகைகளைப் பரப்பினார்கள். நீதிபதிகள் பூச்செண்டை முகர்ந்துகொண்டே வழக்கைக் கேட்டார்கள். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் வடிவமைத்த காற்றோட்டக் கருவி ஒன்றை, காற்றாலையால் இயங்குவதை, 1752-இல் நியூகேட் சிறையின் கூரையில் ஏற்றினார்கள். அந்த வேலைக்குப் போன தொழிலாளர்களில் சிலருக்கும் அதே காய்ச்சல் வந்தது. நோயைச் சுமந்து வந்தது கைதிகளின் துணிகளில் குடியிருந்த உடற்பேன். டைஃபஸ் எனப்படும் அந்த நோயின் வழியை சார்ல் நிக்கோல் துனிஸ் நகரில் கண்டுபிடிக்க 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2020-இல் இந்தப் பிழை திசை மாறி நடந்தது. கொரோனா வந்த முதல் மாதங்களில் நீதிமன்றங்கள் மேசைகளையும் கதவுக் கைப்பிடிகளையும் கிருமிநாசினியால் துடைத்துக்கொண்டிருந்தன. வைரஸோ பெரும்பாலும் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. ஒரு தொற்றின் வழி எது என்று தெரியாமல் செய்யும் பாதுகாப்பு, எவ்வளவு அக்கறையோடு செய்தாலும், அந்த வழியை அடைப்பதில்லை. ஜூரி விசாரணையைப் பாதுகாப்பாக மீட்டெடுத்த கதை முழுவதிலும் இந்த ஒரு கேள்விதான் ஓடுகிறது.

ஜூரி முறை இந்தியாவில் வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால் சிறு விளக்கம் தேவை. இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் கடுமையான குற்ற வழக்குகளில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்பதை, ஜூரர்கள் எனப்படும் சாதாரண குடிமக்கள் பன்னிரண்டு பேர் முடிவு செய்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பதினைந்து பேர். இவர்களுக்குக் கடிதம் அனுப்பி, பெருங்கூட்டமாக வரவழைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் நாள்கணக்கில் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்பார்கள். கடைசியில் வேறு யாரும் நுழையாத ஓர் அறைக்குள் சென்று, தங்களுக்குள் வாதாடி முடிவுக்கு வருவார்கள். முன்பின் தெரியாதவர்களை மூடிய அறைகளில் நெடுநேரம் பேசவைப்பதுதான் இந்த முறையின் உயிர். காற்றில் பரவும் வைரஸ் விரும்பும் சூழலும் அதுவே.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 மார்ச் 23 அன்று ஜூரி விசாரணைகள் நிறுத்தப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்கு நடுவிலும் தொடர்ந்தவை அவை. மே 18 அன்று சில இடங்களில் மட்டும் மீண்டும் தொடங்கின. அவற்றில் ஒன்று ஓல்ட் பெய்லி. ஒரு வழக்குக்கு ஒரு கூடம் என்பது போய், ஜூரர்கள் பரவலாக உட்கார ஒன்று, பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் காணொளியில் பார்க்க இன்னொன்று என்று தேவை பெருகியது. ஆகவே அதே கட்டடத்தில் ஒரே நாளில் நடத்தக்கூடிய வழக்குகள் வெகுவாகக் குறைந்தன.

இந்த இடைவெளிக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலைப் பார்ப்போம். பேசும்போது வாயிலிருந்து பல அளவுகளில் துளிகள் வெளிவருகின்றன. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பருமன் உள்ளவை ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். இவற்றுக்கு இரண்டு மீட்டர் இடைவெளியும் கண்ணாடித் தடுப்பும் போதும். அதைவிடச் சிறியவை ஊதுபத்திப் புகையைப் போல மெல்லப் பரவி அறை முழுவதையும் நிரப்புகின்றன. நிமிடக்கணக்கில், மிக நுண்ணியவை மணிக்கணக்கில் மிதக்கின்றன. கண்ணாடித் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அவை போய்விடும். தடுப்புகளைக் கண்டபடி வைத்தால் காற்று தேங்கும் மூலைகளும் உருவாகும். நீதிமன்றங்கள் முதலில் செலவழித்தது பெரும்பாலும் இந்தத் தடுப்புகளுக்குத்தான் என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிறது.

ஏனென்றால் எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் ஸ்காஜிட் பகுதியில் 61 பேர் கொண்ட பாடகர் குழு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. ஒருவருக்கு நோய் அறிகுறி இருந்தது. அவரைத் தவிர இன்னும் 52 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருக்கலாம் என்று கணிக்கப்பட்டது, இருவர் இறந்தார்கள். நீண்ட நேரம், மூடிய இடம், உரத்த குரல் ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன.

குரலின் உரப்பு பற்றி 2019-லேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆய்வு செய்திருந்தார்கள். உரக்கப் பேசப் பேச வெளியேறும் துகள்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஆகவே நீதிமன்றத்தில் வைக்கும் நல்ல மைக்ரோஃபோன் ஒரு தொற்றுத் தடுப்புக் கருவியும்கூட. முகக்கவசம் அணிந்த வழக்கறிஞர் கூடத்தின் மறுகோடியில் இருக்கும் ஜூரருக்குக் கேட்கவேண்டும் என்று தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை. அருகருகே உட்காரமுடியாத வழக்கறிஞரும் கட்சிக்காரரும் காதோடு காதாகப் பேசுவதற்கு வயர்லெஸ் ஹெட்செட் தந்தார்கள்.

சாட்சியின் முகம் வேறொரு சிக்கல். பொய் சொல்கிறாரா, தயங்குகிறாரா என்பதை ஜூரர்கள் முகத்தைப் பார்த்தும் எடைபோடுகிறார்கள். துணிக்கவசம் அதை மறைக்கிறது. முகத்துக்கு முன்னால் தொங்கும் பிளாஸ்டிக் திரையோ நுண்துளிகளைத் தடுப்பதில்லை. நியூயார்க் தெற்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றம் இதற்கு நல்ல வழி கண்டது. சாட்சிக்கும் பேசும் வழக்கறிஞருக்கும் ஒளிபுகும் கூண்டுகளைக் கட்டி, அவற்றின் காற்றை ஹெபா வடிகட்டி வழியாக வெளியேற்றியது. ஹெபா வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் துகள்களிலேயே 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். கூண்டுக்குள் இருப்பவர் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பேசலாம்; அவருடைய மூச்சு மற்றவர்களை அடைவதற்குள் சுத்தமாகிவிடும்.

ஆனால் நீதிமன்றக் கூடத்தைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. கூடம் பெரியது, கூரை உயர்ந்தது, எந்த நேரத்திலும் ஒருவர்தான் பேசுகிறார். ஜூரிகள் முடிவெடுக்கும் அறை இவை மூன்றுக்கும் எதிர். சிறியது, பெரும்பாலும் சன்னல் இல்லாதது அல்லது திறக்கமுடியாதது, உள்ளே பன்னிரண்டு பேரும் மாறி மாறிப் பேசுகிறார்கள், வாதம் சூடேறினால் குரலும் ஏறுகிறது. அந்த அறையின் இறுக்கத்துக்கு வரலாறும் உண்டு. ஜூரர்கள் முடிவுக்கு வரும்வரை வெளியாரிடமிருந்து பிரித்துவைப்பது பழைய ஆங்கில வழக்கம். 1670-இல் ஓல்ட் பெய்லியில், வில்லியம் பென் என்ற குவேக்கர் மதப் போதகரின் வழக்கில், அவரைக் குற்றவாளி என்று சொல்லவைக்க ஜூரர்களை உணவும் நீரும் நெருப்பும் இல்லாமல் அடைத்துவைத்தார்கள். அவர்கள் அப்போதும் பணியவில்லை. ரகசியத்தைக் காக்க வந்த மூடிய கதவு, பெருந்தொற்றுக் காலத்தில் காற்றையும் அடைத்துவைத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள அறையில் 90 கனமீட்டர் காற்று இருக்கும். அந்த அளவு வெளிக்காற்று மணிக்கு ஒருமுறை மட்டும் உள்ளே வருகிறது, அதாவது மணிக்கு ஒரு காற்று மாற்றம், என்று கொள்வோம். அதே அறையில் மணிக்கு 500 கனமீட்டர் காற்றை வடிகட்டும் ஒரு கருவியை மூலையில் வைத்தால், ஐந்தரை மாற்றத்துக்கு நிகரான சுத்தம் கூடும். நோயுள்ளவர் உள்ளேயே தொடர்ந்து உட்கார்ந்திருந்தாலும், காற்றில் நிலைத்து நிற்கும் வைரஸின் அளவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும். அவர் எழுந்து போனபின் 99 விழுக்காடு நீங்குவதற்கு ஒரு மாற்றம் மட்டுமே உள்ள அறையில் நான்கரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆறு மாற்றம் இருந்தால் 46 நிமிடம், பன்னிரண்டு இருந்தால் 23 நிமிடம்.

அந்த அறையின் காற்று எப்படி இருக்கிறது என்று அறிய விலை குறைந்த கார்பன் டை ஆக்சைடு மானி போதும். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கும், நம் மூச்சில் சுமார் 40,000 பங்கும் அந்த வாயு இருக்கிறது. மானி 820 காட்டினால், நாம் இழுக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ விட்ட மூச்சு. 1,220 காட்டினால் நூற்றில் இரண்டு பங்கு. வடிகட்டி இந்த வாயுவை நீக்காது என்பதால், வடிகட்டி ஓடும் அறையில் மானி உண்மையைவிட மோசமாகவே காட்டும். அதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

வேறு வழி, அறையையே மாற்றுவது. இதில் ஸ்காட்லாந்து செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். 2020 வசந்தத்தில் ஜூரி இல்லாமலே வழக்கு நடத்த அங்கே ஒரு சட்ட முன்மொழிவு வந்தது. வழக்கறிஞர்களின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. இலையுதிர்காலத்தில் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் ஓடியான் திரையரங்குகளை வாடகைக்கு எடுத்தார்கள். பதினைந்து ஜூரர்கள் ஒரு திரையரங்கில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். திரையில் நீதிபதி, சாட்சி, குற்றஞ்சாட்டப்பட்டவர், சான்றுகள் எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் தெரிந்தன. ஜூரர்களின் முகங்கள் நீதிமன்றத்தில் இருந்தவர்களுக்குத் திரையில் தெரிந்தன. உயர்ந்த கூரை, ஒலி கசியாத சுவர், பெரிய திரை ஆகியவை ஏற்கெனவே அங்கே இருந்தன. இங்கிலாந்தில் ‘நைட்டிங்கேல் நீதிமன்றங்கள்’ என்ற பெயரில் ஹோட்டல்களையும் மண்டபங்களையும் எடுத்துக்கொண்டார்கள். சால்ஃபர்டில் ஒரு நாடக அரங்குகூட நீதிமன்றமானது.

எல்லாரையும் வீட்டிலேயே உட்காரவைக்கலாமே என்று கேட்கலாம். டெக்சாஸ் மாநிலத்தின் காலின் மாவட்டம் 2020 மே மாதம் ஒரு காப்பீட்டு வழக்கில் ஜூம் வழியாக ஜூரி விசாரணை நடத்திப் பார்த்தது; அதன் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்ற நிபந்தனையோடு. இடைவேளையில் ஒரு ஜூரர் தொலைபேசியில் பேச எழுந்துபோய்விட, நீதிபதியால் அவரைக் கூப்பிட முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் டிராவிஸ் மாவட்டத்தில் ஒரு போக்குவரத்து வழக்கு ஜூமில் நடந்தது. சிறு வழக்குகளுக்கு இது ஒத்துவரலாம். ஒருவர் பல ஆண்டு சிறைக்குப் போகக்கூடிய வழக்கில், ஜூரர் பக்கத்து அறையில் யாரிடம் பேசுகிறார், திரையில் வேறு எதைத் தேடுகிறார் என்று உறுதிசெய்ய முடியாத விசாரணையை நான் ஏற்கமாட்டேன். நல்ல இணைய வசதி இல்லாதவர் ஜூரியிலிருந்து தானாகவே விடுபட்டும் போவார்.

ஜூரர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது எளிய வழியாகத் தோன்றும். போர்க்காலத்தில் இங்கிலாந்து பெரும்பாலான வழக்குகளில் ஏழு பேரோடு நடத்தியது. 2020-லும் அந்த யோசனை எழுந்து நிறைவேறாமல் போனது. நிறைவேறாதது நல்லது என்பதற்குக் கணக்கே சாட்சி. ஓர் ஊரில் பத்துப் பேரில் ஒருவர் சிறுபான்மைச் சமூகத்தவர் என்று கொள்வோம். குலுக்கலில் எடுத்த பன்னிரண்டு பேரில் அந்தச் சமூகத்தவர் ஒருவர்கூட இல்லாமல் போக 28 விழுக்காடு வாய்ப்பு. ஏழு பேரில் அது 48 விழுக்காடு. காற்று சற்று சுத்தமாகும். ஏறத்தாழ இரண்டில் ஒரு ஜூரியில் அந்தச் சமூகத்தின் குரலே இருக்காது.

முன்னெச்சரிக்கைகள் தோற்ற இடங்களும் உண்டு. 2020 நவம்பரில் டெக்சாஸின் ஷெர்மன் நகர ஃபெடரல் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில் ஜூரர்கள் உள்பட பத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வர, விசாரணை பாதியில் செல்லாததானது. ஊருக்குள் தொற்று உச்சத்தில் இருந்த வாரங்கள் அவை. வெளியே எத்தனை பேருக்கு நோய் இருக்கிறதோ, அதற்கேற்ப அறைக்குள் ஒருவர் அதைக் கொண்டுவரும் வாய்ப்பும் ஏறும். எந்த வடிகட்டியாலும் அந்த முதல் எண்ணை மாற்றமுடியாது. அந்த மாதமே இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள் ஜூரி அமர்வுகளை மீண்டும் நிறுத்திவைத்தன. எப்போது தொடங்குவது என்று அறிவது போலவே, எப்போது சில வாரம் நிறுத்துவது என்று அறிவதும் பாதுகாப்பின் பகுதி.

ஆனால் நிறுத்தத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர் சிறையில் இருப்பவர். இங்கிலாந்தில் தீர்ப்புக்கு முன் ஒருவரைக் காவலில் வைக்கும் கால வரம்பு, கடும் குற்ற வழக்குகளில் 182 நாளாக இருந்ததை 2020 செப்டம்பரில் 238 நாளாகத் தற்காலிகமாக நீட்டினார்கள். குற்றம் நிரூபிக்கப்படாத மனிதர்கள், நெருக்கமான சிறைகளில், எட்டு வாரம் கூடுதலாக. தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அது அதே எட்டு வாரம்தான். சாட்சிகளின் நினைவும் இதற்குள் மங்கும்.

அவசரமும் ஆபத்து. 2021 டிசம்பரில் நியூயார்க்கில், சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்க உதவியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கிஸ்லேன் மேக்ஸ்வெல் வழக்கின் ஜூரர்கள் முடிவெடுத்துக்கொண்டிருந்தபோது ஒமிக்ரான் அலை நகரத்தைப் பிடித்தது. ஜூரர்கள் நோயில் விழுந்து வழக்கே கலைந்துவிடுமோ என்று அஞ்சிய நீதிபதி, கலந்தாய்வு நேரத்தை நீட்டினார். ஜூரர்களை அவசரப்படுத்தும் செயல் இது என்று எதிர்வாதத் தரப்பு கவலைப்பட்டது. டிசம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. ஜூரர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம் என்பது சட்டம் அவர்களுக்குத் தரும் உரிமை. அந்த நேரத்தைக் கொடுக்கும் அளவுக்குக் காற்றைச் சுத்தமாக வைப்பது கட்டடத்தின் பொறுப்பு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் பொது இடங்களுக்கு மணிக்கு ஐந்து காற்று மாற்றமாவது வேண்டும் என்று இலக்கு வைத்தது. பழைய நீதிமன்றக் கட்டடம் முழுவதையும் அந்த இலக்குக்குக் கொண்டுவரப் பணமும் ஆண்டுகளும் பிடிக்கும். தொண்ணூறு கனமீட்டர் அறைக்கு ஒரு வடிகட்டியும் ஒரு மானியும் வைக்க ஒரு பிற்பகல் போதும். செலவை ஜூரி அறையிலிருந்து தொடங்கி, அடுத்து கைதிகளை அமர்த்திவைக்கும் நிலவறைகளுக்கும், அதன் பிறகு பெரிய கூடங்களுக்கும் கொண்டுபோகலாம்.