அவளுக்கு என்ன கொறச்சல்னு கேக்காதீங்க

எங்க மனநலப் பிரிவு ஓபில நான் தினமும் கேக்குற வசனம் ரெண்டு இருக்கு. ஒன்னு, "அவளுக்கு என்ன டாக்டர் கொறச்சல்?" இன்னொன்னு, "இவ்ளோ நடந்தா எவனுக்குத்தான் இருக்காது?" கேக்கறப்ப ரெண்டும் எதிரெதிரா தெரியும், ஆனா போய் நிக்கிற இடம் ஒன்னுதான்: வைத்தியம் வேண்டாம். காரணம் எதுவும் இல்லன்னா நடிக்கிறா, காரணம் இருந்தா அது இயற்கைதானே தானா சரியாயிடும். ரெண்டு பக்கமும் கதவ சாத்திட்டா நோயாளி எந்த வழியா உள்ள வர்றது?

முதல் வசனத்தோட வந்த ஒரு கேஸ் சொல்றேன், அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரமெல்லாம் மாத்தியிருக்கேன். முப்பது சொச்சம் வயசு பொண்ணு, புருஷன் சிங்கப்பூர்ல, கூட்டிட்டு வந்தது மாமியார். ஜவுளிக்கடை கட்டப்பை நிறைய ரிப்போர்ட், வயித்து ஸ்கேன், எண்டோஸ்கோபி, ஈசிஜி, தைராய்டு, தலைக்கு சிடி கூட எடுத்தாச்சு, எல்லாமே நார்மல். நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு, வாய் கசக்குது, உள்ளங்கால் எரியுது, இதுதான் கம்ப்ளெயின்ட். கடைசியா பாத்த டாக்டர் இங்க எழுதிக் குடுத்துட்டார், அதுல மாமியாருக்கு ஏகக் கோவம். "மாடி வீடு கட்டியாச்சு, வண்டி இருக்கு, ரெண்டும் ஆம்பளப் புள்ள, எம்மவன் மாசம் பொறந்தா டான்னு பணம் போட்டுடறான், நானும் ஒரு வேல சொல்றதில்ல, இவளுக்கு என்ன டாக்டரம்மா கொறச்சல்?" அந்தப் பொண்ணு தரையப் பாத்துட்டே உக்காந்திருக்கு. ஏதாவது கொறை இருந்தா சொல்லித் தொலைச்சிருக்கும், தனக்கே ஏன்னு புரியாதப்ப என்னத்த சொல்றது.

நான் காரணமே கேக்கல. காலைல எத்தன மணிக்கும்மா முழிப்பு வருதுன்னு கேட்டேன். மூணு மூணரைக்கு வந்துடுதாம், அப்புறம் தூக்கமே வராதாம், விடியறவரைக்கும் ஃபேனப் பாத்துட்டு கெடக்குமாம், அந்த நேரம்தான் ரொம்ப மோசம், பொழுது சாய்ஞ்சா கொஞ்சம் பரவால்லயாம். சமையல் எப்படிம்மான்னேன். "தோசக்கல்ல போட்டுட்டு நிப்பேன் மேடம், மாவக் கரண்டில எடுத்துருவேன், அதுக்கப்புறம் என்ன செய்யணும்னே ஓடாது, கல்லு புகைய ஆரம்பிச்சுடும், சின்னவன் வந்து அம்மா அம்மான்னு உலுக்குவான்." மாமியார் அப்பத்தான் திரும்பி மருமகளப் பாத்தாங்க. "வேணும்னே கருக்குறான்னு நெனச்சேன்"னாங்க, சத்தம் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிருக்கு, மூணு மாசமா இதே கதை. விடிகாலைல முழிப்பு தட்டுறது, காலைல அதிகமாவும் சாயங்காலம் கொஞ்சம் குறைவாவும் இருக்கறது, எடை குறையறது, மூளை மந்தமாகி கை அப்படியே நின்னு போறது, இதெல்லாம் சேர்ந்து வந்தா அது டிப்ரஷன், தமிழ்ல மனச்சோர்வு நோய். வீடு ஓட்டு வீடா மாடி வீடான்னு பாத்துட்டு அது வர்றதில்ல.

இப்ப ரெண்டாவது வசனம். இது இன்னும் ஆபத்து, ஏன்னா கேக்க பாசமா இருக்கும். அம்பது வயசு தாண்டின ஒரு விவசாயி, சம்சாரம் இறந்து எட்டு மாசம். அண்ணன் தம்பி எல்லாரும் "பாவம், அவ்ளோ ஒத்துமையா இருந்தாங்க, இருக்காதா பின்ன"ன்னு சொல்லி சொல்லியே எட்டு மாசத்த ஓட்டிட்டாங்க. இங்க கொண்டாந்தப்ப அவரு சரியா சாப்பிட்டு பல வாரம் ஆச்சு, குளிக்கறதில்ல, பேசினா ஒரே பேச்சுதான், "நாந்தான் அவளக் கொன்னேன்." அந்தம்மா இறந்தது கேன்சர்ல. இத எல்லாரும் துக்கம்னு நெனச்சுட்டு இருந்திருக்காங்க. துக்கம் இப்படி இருக்காதுங்க. துக்கம் அலை அலையா வரும், நடுவுல பேரப்புள்ள ஏதாவது பேசினா சிரிப்பு வரும், அவளுக்குப் புடிச்ச கொழம்பு வெச்சா அழுக வரும், ஆனா இழந்தது அவளத்தான், தன்மேல இருக்கற மதிப்பு போகாது. டிப்ரஷன்ல எதுவுமே உள்ள இறங்காது, நான் ஒன்னுத்துக்கும் லாயக்கில்ல, நான் பாவி, நான் இருந்து என்ன பிரயோசனம்னு எல்லாமே தன் பக்கம் திரும்பும்.

இந்த காரணக் குழப்பம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்ல, டாக்டர்களே பல காலம் இதுல மாட்டிட்டு இருந்தாங்க. பழைய பாடப்புத்தகத்துல டிப்ரஷன ரெண்டா பிரிச்சிருப்பாங்க, வெளிக் காரணத்தால வர்றது, உள்ளேருந்து தானா வர்றதுன்னு. ஆனா நிஜமான நோயாளிகள் அப்படி ரெண்டு டப்பாவுல ஒழுங்கா போய் உக்காரல, காரணம் இருந்தவங்களுக்கும் மருந்து வேலை செஞ்சுது, இல்லாதவங்களுக்கும் கவுன்சலிங் உதவிச்சு. 1980-ல அமெரிக்க மனநல சங்கத்தோட கையேடு டிஎஸ்எம் மூணாவது பதிப்பு வந்தப்ப, காரணத்த விடு, அறிகுறிய எண்ணுன்னு மாத்திட்டாங்க. அப்பவும் ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் விலக்கு வெச்சிருந்தாங்க, சாவு. 1994 பதிப்புல பொதுவா சாவு நடந்து ரெண்டு மாசத்துக்குள்ளன்னா டிப்ரஷன்னு சொல்லாதன்னு இருந்துச்சு, அதுவும் ரொம்ப மோசமான அறிகுறி இருந்தா அந்த விலக்கு கிடையாது. 2013-ல அஞ்சாவது பதிப்பு வந்தப்ப அந்த விலக்கையும் எடுத்துட்டாங்க. பெரிய சண்டை நடந்துச்சு, அழுகைக்கெல்லாம் மாத்திரை எழுதப் போறீங்களான்னு கேட்டாங்க. அந்த பயம் நியாயமானதுதான், நானும் ஒத்துக்கறேன். ஆனா எங்க ஓபில நான் பாக்கறது அதுக்கு நேர் எதிரான பிரச்சனை, துக்கத்துக்கு மாத்திரை வாங்க யாரும் வர்றதில்ல, நோய துக்கம்னு சொல்லி வீட்லயே வெச்சிருந்துட்டு கடைசில தூக்கிட்டு வர்றாங்க.

காரணம் மட்டும் போதாதுங்கறதுக்கு எங்க கடற்கரைய விட பெரிய சாட்சி வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமில நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல செத்தாங்க. ஒரே தெருவுல ஒரே நாள்ல புள்ளைய பறிகொடுத்தவங்க. காரணம்தான் நோய்னா அந்தத் தெரு மொத்தமும் இன்னிக்கி வரைக்கும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கணும். பெரும்பாலானவங்க அழுது, சொந்தபந்தத்தோட இருந்து, வல போட திரும்பக் கடலுக்குப் போயி மெல்ல எழுந்துட்டாங்க. கொஞ்ச பேரால முடியல, அவங்க மனசு பலவீனமானவங்கன்னு இல்ல, பரம்பரை, சின்ன வயசுல பட்டது, உடம்புல இருக்கற வேற நோய், கடன், தனிமை, குடி, இப்படி பலது சேர்ந்துதான் ஒருத்தர தள்ளுது. மூளைல கெமிக்கல் குறைஞ்சிடுச்சுன்னு ஒரே வரில சொல்றாங்களே, அது நோயாளிக்கு குத்த உணர்ச்சி வராம இருக்க சொல்ற சுருக்கம்தான், விஷயம் அவ்ளோ எளிசு கிடையாது.

கண்ணுக்குத் தெரிஞ்ச காரணம் கிடைக்கலன்னா நம்ம ஆளுங்க சும்மா விடமாட்டாங்க, தெரியாத காரணத்துக்குப் போயிடுவாங்க. செய்வினை, குலதெய்வக் குத்தம், ஏழரைச் சனி, பங்காளி வெச்ச தகடு. இருபது வயசுப் பையன் காலேஜ் போறத நிறுத்திட்டு ரூமுக்குள்ள தனியா பேசறான், தன்னைப் பத்தி டிவில சொல்றாங்கன்னு சொல்றான், யாரோ கூப்புடற மாதிரி திரும்பித் திரும்பிப் பாக்கறான், இது ஸ்கிசோஃப்ரினியாங்கற மனச்சிதைவு நோயோட ஆரம்பமா இருக்கலாம், பெரும்பாலும் இந்த வயசுலதான் தொடங்கும், எவ்ளோ சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கறோமோ அவ்ளோ நல்லது. ஆனா முதல் ரெண்டு வருஷம் தகடு எடுக்கறதுலயே போயிருக்கும். இதோட கடைசி எல்லை என்னன்னு 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடில பாத்தோம், தர்காவ நம்பி வந்தவங்கள வெச்சிருந்த ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் கருகிட்டாங்க. இப்ப 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலில கட்டக்கூடாது. கோயில், தர்காவுக்குப் போகாதீங்கன்னு நான் எப்பவும் சொன்னதில்ல, ஏர்வாடிலயே பிரார்த்தனையும் மருந்தும் சேர்த்து குடுக்கற ஏற்பாடு வந்துடுச்சு. தாயத்து கையில இருக்கட்டும், மாத்திரை வயித்துக்குள்ள போகட்டும்னுதான் எங்க ஓபில சொல்வோம், பாதிப் பேர் சிரிச்சுட்டே ஒத்துக்குவாங்க.

அப்ப எத வெச்சுதான் கண்டுபுடிக்கறது? அந்த ஆளோட ஒரு நாள் எப்படி ஓடுதுன்னு பாருங்க, போன வருஷம் இதே ஆள் எப்படி இருந்தார்னு அதோட வெச்சுப் பாருங்க. தூக்கம் மாறிடுச்சா, சாப்பாடு இறங்குதா, வேலை ஓடுதா, பேச்சு குறைஞ்சிடுச்சா, வாராவாரம் ஆசையா பாத்த மேட்ச கூட பாக்கறதில்லையா, போன் அடிச்சா எடுக்கறதில்லையா. இதுல பலது ஒன்னா மாறி, கிட்டத்தட்ட தினமும் ரெண்டு வாரம் நீடிச்சா டாக்டரப் பாக்கணும். சில சமயம் மாற்றம் தலைகீழா வரும், ரெண்டு மணி நேரம்தான் தூங்குறான் ஆனா களைப்பே இல்ல, ஊரெல்லாம் கடன் வாங்கி புது வண்டி புக் பண்றான், நான்தான் அடுத்த எம்எல்ஏன்னு பேசறான், வீட்ல "புள்ள சுறுசுறுப்பாயிட்டான்"னு சந்தோஷப்பட்டுட்டு இருப்பாங்க, அது மேனியா, அதுக்கும் உடனே வரணும். நாங்களும் எடுத்ததும் மனநோய்னு முத்திரை குத்தறதில்ல, தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, குடிக்கிற மாத்திரை, சாராயம் இதெல்லாம் பாத்துட்டுத்தான் பேசுவோம்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. நீட்ல மார்க் போயிடுச்சு, லவ் ஃபெயிலியர், மேனேஜர் வறுக்கறார், நாலு நாளா தூக்கமில்ல, அழுக வருது, ஆனா பசிக்குது, ஃப்ரெண்டோட பேசினா லேசாகுது, இது நோய் இல்ல, மனக்கஷ்டம். இதுக்கு மாத்திரை தேவைப்படறது அபூர்வம், பக்கத்துல உக்காந்து குறுக்க பேசாம கேக்கற ஒரு ஆள் போதும். இங்கதான் காரணத்துக்கு மரியாதை குடுக்கணும், காரணத்த சரி பண்ணாம நோயாளிய சரி பண்ண முடியாத கேஸ் நிறைய. ராத்திரி குடிச்சுட்டு வந்து அடிக்கிறவன் வீட்ல நிம்மதியா உக்காந்திருக்கான், அடி வாங்கினவளுக்கு தூக்க மாத்திரை எழுதுங்கன்னு கூட்டிட்டு வர்றாங்க. குடிக்கு வைத்தியம் பாக்க வேண்டியது அவனுக்கு, அவளுக்கு தேவை பெண்கள் உதவி எண் 181-க்கு ஒரு போன், பாதுகாப்பான எடம், தேவைப்பட்டா போலீஸ். அடிக்கு பயந்து தூங்காம இருக்கறவளுக்கு மாத்திரையக் குடுத்து தூங்க வெக்கறதுக்குப் பேர் வைத்தியம் இல்ல. அதேசமயம் அந்த அடியாலயே அவளுக்கு டிப்ரஷனும் வந்திருக்கலாம், அப்ப ரெண்டையும் பாக்கணும், காரணம் தெரிஞ்சிடுச்சுங்கறதுக்காக நோய விட்டுட முடியாது.

தற்கொலை பத்தி ஒன்னு சொல்லணும். பேப்பர்ல பாத்திருப்பீங்க, "தீராத வயிற்று வலியால்"னு ஒரு வரி வரும், பல நேரம் அது விசாரணைக்காக சொல்ற ஒத்தக் காரணம், சில சமயம் வயித்து வலியே மனச்சோர்வோட வெளித்தோற்றமாவும் இருந்திருக்கும், யாரும் உள்ள போய் பாக்கறதில்ல. ஒத்தக் காரணத்தால நடக்கற விஷயமே இல்ல அது. உங்க வீட்ல யாராவது "நான் இல்லன்னா நிம்மதியா இருப்பீங்க"ன்னு சொன்னா, திடீர்னு பொருளையெல்லாம் எடுத்து எடுத்துக் குடுத்தா, நேராவே கேளுங்க, சாகணும்னு தோணுதான்னு. கேட்டா நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடுமோன்னு பயப்படாதீங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வராது, பல பேருக்கு அப்பாடா ஒருத்தர் கேட்டாங்களேன்னுதான் இருக்கும். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, வீட்ல இருக்கற பூச்சிமருந்து, மாத்திரையெல்லாம் வேற வீட்டுக்கு மாத்திடுங்க, அன்னிக்கே கூட்டிட்டு வாங்க. ராத்திரின்னா 14416-க்கு போன் பண்ணலாம், டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண், 2022-லேருந்து நடக்குது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசுவாங்க. உயிருக்கே ஆபத்துன்னா 108.

மாத்திரைன்னதும் வர்ற கேள்வி, பழக்கமாயிடுமா? டிப்ரஷனுக்கு குடுக்கற எஸ்சிடலோப்ராம், ஃப்ளூஆக்செடின் மாதிரி மருந்துக்கு போதை கிடையாது. பழக்கமாகறது பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் போடற அல்ப்ரசோலம் மாதிரி மாத்திரை, அததான் சீட்டே இல்லாம மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கி வருஷக்கணக்கா போட்டுட்டு வருவாங்க, எங்க மாத்திரையப் பாத்துதான் பயப்படுவாங்க! முதல் வாரம் குமட்டல், லேசா படபடப்பு இருக்கலாம், படபடப்பு அதிகமாச்சுன்னா உடனே வந்து சொல்லுங்க. பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும், பல பேர் அதுக்குள்ள ஒன்னும் ஆகலன்னு நிறுத்திடுவாங்க, இன்னும் பல பேர் ரெண்டு மாசத்துல நல்லாயிட்டு, நல்லாயிட்டதாலயே நிறுத்திடுவாங்க. நல்லானதுக்கு அப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம் சாப்பிடணும், நிறுத்தறதையும் நாங்க கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்துவோம், சட்டுனு விட்டா தலைசுத்தும், நோயும் திரும்பிடும். எல்லா மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு, மாவட்ட மனநலத் திட்டம் மூலமா தாலுகா ஆஸ்பத்திரிக்கும் குறிப்பிட்ட நாள்ல டாக்டர் வருவாங்க, மருந்து இலவசம், எந்த நாள்னு உங்க பக்கத்து ஆஸ்பத்திரி ஓபி சீட்டு கவுண்டர்ல கேட்டாலே சொல்லிடுவாங்க. வரும்போது இதுக்கு முன்ன சாப்பிட்ட மாத்திரை அட்டை எல்லாத்தையும், சுகர் பிரஷர் மாத்திரை உட்பட, எடுத்துட்டு வாங்க, கூட ராத்திரி பகல் அவரோட இருக்கற ஒரு ஆள் வரணும், பாதி விவரம் அவங்க கிட்டதான் கிடைக்கும்.