சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் வரலாற்றை ஆவணங்களிலிருந்து படிப்பது எப்படி?

தேர்தல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. மீது வழக்கு இருக்கிறதே, அவர் எப்படிப் பதவியில் நீடிக்கிறார்?" கேட்பவரிடம் பெரும்பாலும் ஒரு செய்தித்தாள் நறுக்கோ வாட்ஸ்அப்பில் வந்த படமோ இருக்கும். அந்த உறுப்பினர் வேட்புமனுவுடன் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதே பலருக்குத் தெரிந்திருப்பதில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி ஊரில் பேசப்படுவதற்கும் ஆவணங்களில் உள்ளதற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த ஆவணங்களில் எதை எங்கே பார்க்க வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முதலில், எல்லோரும் எண்ணிக்கையாகச் சொல்லும் வெற்றிகள். மு. கருணாநிதி 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை 13 முறை வென்றார், போட்டியிட்ட எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் தோற்கவில்லை என்பது சரியான தகவல். ஆனால் அவர் 1984இல் போட்டியிடவே இல்லை என்பதும், 1991இல் துறைமுகம் தொகுதியில் 890 வாக்குகள் வித்தியாசத்தில் வென்று பின்னர் பதவி விலகினார் என்பதும் அந்த எண்ணிக்கைக்குள் தெரிவதில்லை. வென்ற முறைகளின் எண்ணிக்கையும் பேரவையில் இருந்த ஆண்டுகளின் எண்ணிக்கையும் வேறு வேறு. அண்ணாவின் வரலாற்றில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1957இல் காஞ்சிபுரத்தில் வென்று 1962இல் அங்கேயே தோற்ற அவர், 1967இல் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் போட்டியிட்டு வென்றார். முதலமைச்சரான பிறகு சட்ட மேலவை வழியாகவே மாநிலச் சட்டமன்றத்துக்குள் வந்தார். அந்த மேலவை 1986இல் கலைக்கப்பட்டதால், பேரவை உறுப்பினர் பட்டியலை மட்டும் பார்க்கும் இன்றைய இளைஞர் 1967ஆம் ஆண்டின் முதலமைச்சரை அதில் காண மாட்டார்.

தொகுதியின் பெயர் மாறாமல் இருந்தாலும் எல்லை மாறியிருக்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பு தமிழ்நாட்டுச் சட்டமன்றப் பொதுத்தேர்தலில் முதன்முதலாக 2011இல் நடைமுறைக்கு வந்தது. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் இணைந்து ஒரே தொகுதியாயின. கொளத்தூர் புதிதாக உருவானது. ஆயிரம் விளக்கில் 1984இலும் 1991இலும் தோற்று, 1989, 1996, 2001, 2006 ஆகிய ஆண்டுகளில் வென்ற மு.க. ஸ்டாலின், 2011இல் கொளத்தூருக்கு வந்தபோது 2,734 வாக்குகள் வித்தியாசத்தில்தான் வென்றார். 2021இல் அதே தொகுதியில் அந்த வித்தியாசம் 70,000ஐத் தாண்டியது. எல்லை மாறாத இந்த இரு தேர்தல்களை ஒப்பிடுவதில் பொருள் உண்டு. ஆனால் 2006ஆம் ஆண்டின் ஆயிரம் விளக்கையும் 2011ஆம் ஆண்டின் ஆயிரம் விளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கட்சியின் செல்வாக்கு கூடிற்று அல்லது குறைந்தது என்று எழுதுபவர் வெவ்வேறு வாக்காளர் திரள்களையே ஒப்பிடுகிறார். தொலைக்காட்சி விவாதங்களில் இந்தப் பிழை அன்றாடம் நடக்கிறது.

இனிப் பிரமாணப் பத்திரம். வாக்காளருக்கு வேட்பாளரின் பின்னணியை அறியும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2002இலும் 2003இலும் வழங்கிய தீர்ப்புகளின் பயனாகவே இன்றைய படிவம் 26 நமக்குக் கிடைத்திருக்கிறது. நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், ஏற்கெனவே பெற்ற தண்டனைகள், வேட்பாளர், வாழ்க்கைத் துணை, சார்ந்திருப்போர் ஆகியோரின் அசையும், அசையாச் சொத்துகள், கடன்கள், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கிகள், கடந்த ஐந்து ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், வருமானத்துக்கான வழி, கல்வித் தகுதி ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இதைப் பதிவிறக்கம் செய்யலாம்.

பெரும்பாலானோர் கடைசிப் பக்கத்திலுள்ள மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு, சொத்து இரண்டு மடங்காகிவிட்டது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அசையாச் சொத்துக்கு வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய உத்தேச சந்தை மதிப்பு என்று தனித்தனி இனங்கள் உள்ளன. பத்து ஆண்டுகளாகக் கைமாறாத ஒரு நிலத்தின் மதிப்பு உயர்ந்தாலே மொத்தத் தொகை பெருகிவிடும். அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆகவே, நான் மொத்தத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களின் பத்திரங்களை எடுத்துக்கொண்டு, சர்வே எண் வாரியாக ஒப்பிடுவதே முறையான வழி. முந்தைய பத்திரத்தில் இருந்த சர்வே எண் அடுத்ததில் இல்லையென்றால் அது விற்கப்பட்டதா என்று பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். புதிதாக வந்த எண்ணுக்கு வாங்கிய தேதியையும், அதே காலத்தில் காட்டப்பட்ட ஆண்டு வருமானத்தையும் அருகருகே வைத்தால், கேட்க வேண்டிய கேள்வி தானாகவே தெரியும். வாழ்க்கைத் துணையின் இனங்களை விட்டுவிட்டுப் படிக்கும் ஒப்பீடு பயனற்றது.

இங்கே ஒரு தவறான எதிர்பார்ப்பையும் சொல்லியாக வேண்டும். வேட்புமனு பரிசீலனையின்போது, பத்திரத்தில் உள்ளது உண்மையா என்று தேர்தல் நடத்தும் அலுவலர் விசாரணை நடத்த மாட்டார். இனங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு, நினைவூட்டிய பிறகும் நிரப்பாத வேட்பாளரின் மனுவை அவர் நிராகரிக்கலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் நிரப்பியது பொய்யா என்பது நீதிமன்றம் ஆராய வேண்டிய விஷயம். பொய்த் தகவலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழியுண்டு. அதற்கு மேல் கடுமையான தண்டனை அந்தப் பிரிவில் இல்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே தோன்றுகிறது.

அதிகக் குழப்பம் இருப்பது தண்டனையும் தகுதியிழப்பும் பற்றியதில்தான். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் யாரையும் பதவியிலிருந்து நீக்காது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், தீர்ப்பு நாளிலிருந்தும், விடுதலையான பிறகு மேலும் ஆறு ஆண்டுகளுக்கும் தகுதியிழப்பு நீடிக்கும். ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற சில சட்டங்களின் கீழ் குற்றவாளி என்று முடிவானால் அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டாலும் ஆறு ஆண்டுத் தகுதியிழப்பு உண்டு. பதவியில் உள்ளவர்கள் மேல்முறையீடு செய்துவிட்டுத் தொடரலாம் என்றிருந்த, அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) பிரிவை, 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2014 செப்டம்பர் 27 அன்று முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டு உடனடியாகப் பதவி இழந்ததும், அவரது தொகுதியான ஸ்ரீரங்கத்தில் 2015 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்ததும் இத்தீர்ப்பின் விளைவுகளே.

மேல்முறையீட்டில் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்படுவது ஒன்று. குற்றவாளி என்ற முடிவுக்கே தடை கிடைப்பது வேறொன்று. முன்னதால் சிறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் தகுதியிழப்பு அப்படியே இருக்கும். அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது தொடர்பான வழக்கில் 2000 அக்டோபரில் தண்டிக்கப்பட்ட ஜெயலலிதாவுக்குத் தண்டனை நிறுத்திவைப்பு மட்டுமே கிடைத்திருந்தது. 2001இல் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு இடங்களில் அவர் தாக்கல் செய்த மனுக்கள் நிராகரிக்கப்பட்டதற்கு அதுவே முதன்மைக் காரணம். இரண்டு தொகுதிகளுக்கு மேல் போட்டியிடக் கூடாது என்ற விதியும் அவற்றில் சிலவற்றுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. உறுப்பினராக இல்லாமலே அவர் முதலமைச்சரானது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2001 செப்டம்பர் 21 அன்று தீர்ப்பளித்தது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்த பிறகே அவர் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் நிற்க முடிந்தது. இதற்கு மாறாக, 2023 டிசம்பரில் மூன்றாண்டு தண்டனை பெற்றுத் திருக்கோவிலூர் உறுப்பினர் பதவியை இழந்த க. பொன்முடிக்கு, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்புக்கே தடை விதித்ததால் உறுப்பினர் பதவி திரும்பக் கிடைத்தது. "ஸ்டே வாங்கிவிட்டார்" என்று யாராவது சொன்னால், எதற்கு ஸ்டே என்று கேளுங்கள்.

கட்சித் தாவலுக்கான தகுதி நீக்கத்தின் விளைவு இவற்றிலிருந்து வேறுபட்டது. கட்சித் தாவலைத் தடுக்கும், அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையின் கீழ் பேரவைத் தலைவர் 2017 செப்டம்பர் 18 அன்று அ.தி.மு.க. உறுப்பினர்கள் 18 பேரை நீக்கினார். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் அந்த நீக்கம் மீண்டும் தேர்தலில் நிற்பதைத் தடுப்பதில்லை. அவர்களில் ஒருவரான செந்தில் பாலாஜி, 2019 மே மாத இடைத்தேர்தலில் வேறு கட்சியின் வேட்பாளராக அதே அரவக்குறிச்சியில் வென்றார். ஒருவரின் வரலாற்றில் "தகுதி நீக்கம்" என்று கண்டால், எந்தச் சட்டத்தின் கீழ் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

வெற்றியை எதிர்த்து வழக்குத் தொடரும் உரிமை, தோற்ற வேட்பாளருக்கு மட்டுமன்றி, அத்தொகுதியின் எந்த வாக்காளருக்கும் உண்டு. உயர் நீதிமன்றத்தில் மட்டுமே தேர்தல் மனு தாக்கல் செய்ய முடியும். முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 45 நாள்களே அவகாசம், தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. ஆறு மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை வேறு. 2011ஆம் ஆண்டின் கொளத்தூர் வெற்றியை எதிர்த்த மனு, அடுத்த பொதுத்தேர்தலும் முடிந்த பிறகு, 2017இல்தான் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. ராதாபுரத்தில் 2016இல் 49 வாக்குகளில் தோற்ற மு. அப்பாவு தொடர்ந்த வழக்கில், 2019 அக்டோபரில் தபால் வாக்குகளும் சில சுற்றுகளின் வாக்குகளும் மறுபடி எண்ணப்பட்டன. ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, பேரவையின் ஐந்தாண்டும் முடிந்துவிட்டது. 2021இல் அவரே அங்கு வென்று பேரவைத் தலைவரானார். 2016ஆம் ஆண்டின் பட்டியலில் "49 வாக்குகள்" என்ற வரி மட்டுமே நிற்கிறது.

தியாகராய நகரில் 2021இல் 137 வாக்குகளிலும், மொடக்குறிச்சியில் 281 வாக்குகளிலும் முடிவு தீர்மானமாயிற்று. இப்படிப்பட்ட தொகுதிகளில் வழக்குக்கு வருபவர்கள் முதலில் கொண்டுவர வேண்டியது, வாக்குச்சாவடி வாரியான முடிவைக் காட்டும் படிவம் 20இன் சான்றிட்ட நகலும், வாக்குச்சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டி முகவர்களிடம் தரப்பட்ட படிவம் 17சி-யும்தான். தமிழ்நாட்டில் முடிவுகள் பெரும்பாலும் மே மாதத்தில் வருவதால், 45 நாள்களில் கணிசமான பகுதி உயர் நீதிமன்றத்தின் கோடை விடுமுறையிலேயே கழிந்துவிடும். முகவர்களிடமுள்ள படிவங்களை வாக்கு எண்ணிக்கை முடிந்த வாரத்திலேயே திரட்டி, சான்றிட்ட நகல்களுக்கும் அப்போதே விண்ணப்பித்துவிட்டால், நீதிமன்றம் திறக்கும் நாளில் மனு தயாராக இருக்கும்.