டவுன்லேண்ட்: ஊர்நிலம்

அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவுக்கு டவுன்லேண்ட் என்று பெயர். மாகாணம், கவுண்டி (மாவட்டம் போன்றது), பேரனி (கவுண்டியின் உட்பிரிவு), பங்கு (தேவாலய வட்டாரம்) எனக் குறுகிக்கொண்டே வரும் பகுப்பில் இதுவே கடைசிப் படி. தீவு முழுவதிலும் 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் இருக்கின்றன. ஒன்றின் சராசரிப் பரப்பு ஏறத்தாழ 325 ஏக்கர் என்றாலும், ஒரு ஏக்கரை எட்டாததும் உண்டு, மேற்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் விரிந்து கிடப்பதும் உண்டு. நிலத்தை அதன் விளைச்சலையும் மேய்ச்சலையும் கொண்டு மதித்த பழைய வழக்கமே இதற்குக் காரணம். வளமான மண்ணில் எல்லை சுருங்கியது, பாறையும் சதுப்புமான இடத்தில் அகன்றது.

இச்சொல்லில் வரும் 'டவுன்' நகரத்தைக் குறிப்பதன்று. பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்பது வேலியடைத்த இடம், பண்ணைக் குடியிருப்பு என்ற பொருளில் வழங்கியது. ஐரிஷ் மொழியில் இதன் பெயர் 'பால்யே ஃபேரின்'. 'பால்யே' என்பது ஊர், 'ஃபேரன்' என்பது நிலம். அயர்லாந்து வரைபடத்தில் 'பாலி' என்று தொடங்கும் எண்ணற்ற பெயர்களில் ஒளிந்திருப்பது இந்தப் 'பால்யே'தான். 12ஆம் நூற்றாண்டில் நார்மானியர் வருவதற்கு முன்பே இப்பகுப்பு வேரூன்றியிருந்தது.

1824இல் தொடங்கிய நில அளவைப் பணி ஒவ்வொரு டவுன்லேண்டின் எல்லையையும் வரைபடத்தில் பதித்தது. ஜான் ஓடோனவன் என்ற அறிஞர் ஊர் ஊராகச் சென்று, ஐரிஷ் பேசும் முதியவர்களிடம் பெயர்களைக் கேட்டுக் குறித்தார். ஆயினும், அச்சேறியது ஆங்கில எழுத்துக்கூட்டலே. குன்றைக் குறிக்கும் சொல் 'நாக்' ஆயிற்று. கருவாலித் தோப்பு 'டெர்ரி' ஆயிற்று. தேவாலயத்துக்கும் காட்டுக்கும் ஐரிஷில் வெவ்வேறு சொற்கள் இருந்தும் இரண்டும் 'கில்' என்றே எழுதப்பட்டன. பெயரைப் பார்த்து அங்கே இருந்தது கோயிலா காடா என்று சொல்ல முடியாமற் போனது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

மேயோ கவுண்டியின் அக்கில் தீவில் உள்ள ஸ்லீவ்மோரில் இந்த நிலவாழ்வின் தடம் கண்ணுக்குத் தெரியும்படி எஞ்சியிருக்கிறது. மலையின் தென்சரிவில், பழைய பாதையை ஒட்டி, கூரையிழந்த கல்வீடுகள் எண்பதுக்கு மேல் வரிசையாக நிற்கின்றன; உருளைக்கிழங்கு நட்ட பாத்தி வரப்புகள் புல்லுக்கடியில் இன்றும் புடைத்துத் தெரிகின்றன. மேற்கு அயர்லாந்தின் இத்தகைய பல ஊர்களில் குடிகள் நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து, நல்ல துண்டும் மோசமான துண்டும் எல்லோருக்கும் கிடைக்கும்படி பங்கிட்டு உழுதார்கள்.

டவுன்லேண்டுக்குத் தனி மன்றமோ அலுவலரோ கிடையாது. ஆனால் முகவரியிலும் பேச்சிலும் அது உயிரோடு இருக்கிறது. 1970களில் வட அயர்லாந்து அஞ்சல் துறை அதற்குப் பதிலாகச் சாலைப் பெயரையும் வீட்டு எண்ணையும் புகுத்தியபோது, மக்கள் எதிர்த்து நின்றார்கள். தெற்கே, அயர்லாந்துக் குடியரசில், பல வீடுகளுக்கு ஒரே முகவரியாக அது இருந்ததால், 2015இல் வீட்டுக்கொரு குறியீடு வழங்கும் ஐர்கோடு முறை வந்தது.

தமிழில் இதனை 'நகர்நிலம்' என்பது பிழை. 'சிற்றூர்' என்பதும் போதாது. ஆளே குடியிராத டவுன்லேண்டுகளும் இருக்கின்றன. 'வருவாய்க் கிராமம்' ஓரளவு நெருங்கினாலும், அது அரசு அலுவலர் பொறுப்பில் இயங்கும் அலகு. ஐரிஷ் மூலத்தின் இரு கூறுகளையும் அப்படியே தாங்கும் 'ஊர்நிலம்' என்பதே பொருத்தமானது. பெயர்களை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்து, 'ஸ்லீவ்மோர் ஊர்நிலம்' என்று எழுதலாம்.