தேன்நெல்லி ஏன் பொங்குகிறது?

துலாமழை (ஐப்பசி மழை) ஓய்ந்து மலையோரத்தில் ஈரம் காயத் தொடங்கும் நாட்களில் எங்கள் குமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் காட்டுநெல்லி விற்பனைக்கு வரும். காணி பழங்குடி மக்கள் மலையிலிருந்து பறித்துக் கொண்டுவருவது. தோட்டத்து நெல்லி மாதிரிப் பெரிதாக இருக்காது, கோலிக்குண்டு அளவுதான், நாரும் துவர்ப்பும் கூடுதல். தேனில் போட எனக்கு இதுதான் பிடிக்கும்.

முதல் தடவை போட்டபோது ஒரு கிலோ நெல்லியைக் கழுவித் துடைத்து, பரணியில் (ஊறுகாய் ஜாடி) போட்டு, ஒரு கிலோ ரப்பர் தேனை ஊற்றி இறுக்க மூடிவிட்டேன். (நம் ஊர் ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதல்ல, புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீ எடுத்துச் செய்வது.) பத்தாம் நாள் மூடியைத் திருகினால் புஸ்ஸென்று காற்று, மேலே நுரை, கள்வாசம். நெல்லியோ தோல் சுருங்கிக் கிடந்தது.

தேன் கெடாமல் இருப்பது அதிலுள்ள தண்ணீர்ப் பஞ்சத்தால். நூறு கிராம் தேனில் ஏறக்குறைய 20 கிராம் தண்ணீர் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் சர்க்கரை அதை இறுகப் பிடித்துவைத்திருப்பதால் நுண்ணுயிருக்கு அது கிடைக்காது. போதாததற்கு, உள்ளே விழும் பாக்டீரியாவின் உடம்பிலிருக்கும் நீரையும் தேன் உறிஞ்சிவிடும். பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான் இது. நெல்லிக்காயிடமும் தேன் இதையேதான் செய்கிறது, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கிலோ நெல்லியில் 700 கிராமுக்கு மேல் தண்ணீர். அதில் 300 கிராம் வெளியே வந்தாலே, முன்பு 1000 கிராமில் 200 கிராம் தண்ணீராக இருந்த தேன் 1300 கிராமில் 500 ஆகிவிடுகிறது. கிட்டத்தட்ட 38 சதவீதம்! இனிப்பைத் தாங்கி வாழப் பழகிய ஈஸ்ட்டுக்கு அது தாராளம். சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் விடும். தேன் நீர்க்கும்போது அதிலுள்ள ஒரு நொதி விழித்துக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்குவது உண்மைதான், ஆனால் இவ்வளவு ஈஸ்ட்டை அடக்க அது போதாது.

சரி, காய் ஏன் சுருங்கியது? பச்சைக் காயின் செல்கள் உயிரோடு இருப்பவை. அவற்றின் சவ்வு தண்ணீரை வெளியே விடும், சர்க்கரையை எளிதில் உள்ளே விடாது. அதனால்தான் காயை முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, கொதிக்கும் நீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு எடுக்கிறார்கள். சூட்டில் சவ்வு செயலிழந்து சர்க்கரைக்கு வழி திறக்கும், காயைக் கறுக்கவைக்கும் நொதியும் அடங்கிவிடும். அப்போதுகூட எடுத்த எடுப்பில் கெட்டிப் பாகில் போடக்கூடாது, சர்க்கரை நுழைவதைவிட வேகமாகத் தண்ணீர் ஓடிவந்துவிடும்.

இப்போது நான் செய்வது இப்படி. முதலில் இளம்பாகு. மறுநாள் காயை எடுத்துவிட்டு, நீர்த்துப்போன பாகைக் காய்ச்சிக் கெட்டியாக்கி, ஆறியபின் திரும்ப ஊற்றுவேன். இப்படி மூன்று நான்கு நாள். ஜாமுக்கும் முரப்பாவுக்கும் (பாகில் ஊறிய பழம்) சொல்லப்படும் 65 சதவீதச் சர்க்கரைக்குக் காயும் பாகும் சேர்ந்து வந்துவிட வேண்டும். அப்புறம்தான் பாகை வடித்துவிட்டுத் தேன். தேனைக் காய்ச்சினால் மணமும் போகும், பெராக்சைடு உண்டாக்கும் அந்த நொதியும் போகும் என்பதால் காய்ச்சல் வேலையெல்லாம் சர்க்கரைப் பாகோடு முடிந்துவிடுகிறது. (ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் சேர்ந்த எதையும் கொடுக்காதீர்கள், அதில் உறங்கும் சில பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்துவிடலாம்.)

நம் ஊர்க் காற்றின் ஈரத்தையும் தேன் இழுத்துக்கொள்ளும். ஆகவே உலர்ந்த கரண்டி, இறுக்கமான மூடி. ஒரு வாரம் கழித்துப் பரணியைச் சாய்த்துப் பாருங்கள்: தேன் தண்ணீராய் ஓடினால் காயில் இன்னும் நீர் மிச்சம், வடித்துவிட்டுப் புதுத்தேன் ஊற்ற வேண்டும். வடித்ததை வீணாக்க வேண்டாம், எலுமிச்சை பிழிந்து அன்றைக்கே குடித்துவிடலாம்.