ரிப்போர்ட் நார்மல், உள்ளே கோட் பிளாக்

உடம்பை ஒரு நகரமாகவும் செல்களை அதில் வேலை பார்க்கும் ஆட்களாகவும் காட்டிய ஜப்பானிய மங்கா, அதாவது படக்கதை, ‘செல்ஸ் அட் வொர்க்!’. 2015இல் தொடங்கியது. அதில் வருவது ஓரளவு ஆரோக்கியமான உடம்பு. கிருமி வரும், சண்டை நடக்கும், எல்லாம் சரியாகிவிடும். 2018இல் வந்த அதன் கிளைக்கதை ‘கோட் பிளாக்’ அப்படி இல்லை. ஊழியரைச் சக்கையாகப் பிழியும் நிறுவனத்தை ஜப்பானில் ‘கறுப்புக் கம்பெனி’ என்பார்கள். அந்தக் கறுப்புதான் இது. ஷிகெமிட்சு ஹராடா எழுதிய இந்தக் கதை 2021 ஜனவரியில் அனிமே, அதாவது அனிமேஷன் தொடர், ஆனது. சிகரெட், குடி, கவுட் என்ற மூட்டுவலி, வயிற்றுப்புண், சர்க்கரை, கடைசியில் மாரடைப்பு. ஏஏ2153 என்ற புதுச் சிவப்பணு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அல்லாடுகிறது.

மருத்துவ விவரங்களில் பெரிதாகக் குறை சொல்ல இடமில்லை. ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. அனிமேயில் செல்கள் கதறுவது நமக்குக் கேட்கிறது. நிஜ உடம்பில் அந்தக் கதறல் லேப் ரிப்போர்ட்டில் ஒரு எண்ணாகத்தான் வெளியே வரும். அந்த எண்ணும் சில நேரம் நம்மை ஏமாற்றும்.

சிகரெட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். சிவப்பணு சுற்றிச் சுற்றி வந்தாலும் கையில் சரக்கு இருக்காது. அதிகம் புகைப்பவரின் ஹீமோகுளோபினில் 5 முதல் 10 சதவீதம் வரை இப்படி முடங்கிக் கிடக்கும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு இது தெரியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி 98 காட்டும். இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க எலும்பு மஜ்ஜை கூடுதல் சிவப்பணுக்களைத் தயாரிக்கும், ஹீமோகுளோபின் 17க்கு ஏறும். “ரத்தம் நல்லா ஊறியிருக்கு” என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அவருக்கே பிறகு வயிற்றில் ரத்தம் கசிந்து 13.5க்கு இறங்கினால் ரிப்போர்ட்டில் ‘அளவு சரியில்லை’ என்று காட்டும் நட்சத்திரக் குறி விழாது. ஆனால் மூன்றரை கிராம் போய்விட்டது. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். புகையை விட்டால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கார்பன் மோனாக்சைடு பாதியாகும். ஒரு நாளில் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிடும்.

கவுட் இன்னும் குழப்பும். ரத்தத்தில் யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரைந்திருக்க முடியாமல் ஊசி ஊசியாகப் படிய ஆரம்பிக்கும். உடம்பில் குளிர்ச்சியான இடம் கால் பெருவிரல் மூட்டு என்பதால் பெரும்பாலும் அங்கேதான் முதல் அடி, அதுவும் நடுராத்திரியில். போர்வை உரசினாலே உயிர் போகும் வலி. உண்மையில் வலியைக் கிளப்புவது ஊசி மட்டுமில்லை. அதை விழுங்கப் போகும் வெள்ளையணுக்கள் கொட்டும் வேதிப்பொருள்கள்தான் மூட்டைக் கொளுத்துகின்றன. காவல்காரர்களே ஊரை எரிக்கிற கதை. இந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் கணிசமானோருக்கு யூரிக் ஆசிட் நார்மலாகவே இருக்கும். “அப்ப இது கவுட் இல்லை” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் வலி வந்த பயத்தில் அதை நிறுத்துவதும், இருமடங்கு போடுவதும் தப்பு. யூரிக் ஆசிட் அளவு ஏறி இறங்கினால் படிந்த ஊசிப் படிகங்கள் கலைந்து வலி நீளும். கவுட் வலியை அடக்கும் கோல்ச்சிசின் மருந்தை முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும்.

இங்கேதான் அடுத்த வினையும் தொடங்குகிறது. கவுட் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக், வயிற்றின் சளிப்படலத்தைக் காக்கும் சுரப்பை முடக்கிவிடும். ஏற்கெனவே ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற புண் உண்டாக்கும் கிருமி குடியிருக்கும் வயிறாக இருந்தால் சொல்லவே வேண்டாம். புண் ஆழமாகி ரத்தக்குழாயைத் தொட்டால், மலம் தார் மாதிரிக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு போகும். இரும்பு மாத்திரையிலும் மலம் கறுக்கும், ஆனால் இந்த ஒட்டலும் நாற்றமும் இருக்காது.

அப்படிக் கறுத்துப் போகிறவர் உடனே ஓடிவந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் ஹீமோகுளோபின் 14 என்று வரலாம். பாத்திரத்திலிருந்து இரண்டு கரண்டி சாம்பாரை எடுத்துவிட்டால் மிச்சச் சாம்பாரின் உப்பு குறையுமா? தண்ணீர் ஊற்றினால்தான் குறையும். ரத்தமும் அப்படித்தான். திசுக்களிலிருந்து நீர் வந்து குழாய்களை நிரப்ப ஒன்றிரண்டு நாள் ஆகும், அதன் பிறகே எண் இறங்கும். முதல் மணி நேரத்தில் உண்மை பேசுவது நாடித்துடிப்பு: உட்கார்ந்திருக்கும்போதே 100க்கு மேல், எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பைலோரி பரிசோதனையிலும் ஒரு பொறி உண்டு. பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை கிருமியை அமுக்கி வைக்கும், மூச்சுப் பரிசோதனை ‘இல்லை’ என்று சொல்லிவிடும். அந்த மாத்திரையை 2 வாரம், ஆன்டிபயாட்டிக்கை 4 வாரம் நிறுத்திய பிறகு எடுத்தால்தான் நம்பலாம். நிறுத்தலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ரத்தம் கசிந்தவர் தானாக நிறுத்தக் கூடாது.

கோட் பிளாக்கில் ரத்தம் ஏற்றும் கட்டம் ஒன்று வருகிறது. வேறொரு உடம்பின் சிவப்பணுக்கள் புது ஊழியர்களாக வந்து இறங்குகின்றன. அப்போது அந்த ஆளுக்கு எச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனை எடுத்தால் என்ன ஆகும்? சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். வாழும் காலமெல்லாம் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே போகும். மூன்று மாதச் சராசரி என்று நாம் படிப்பது இந்த ஒட்டலைத்தான். 6.5 சதவீதத்தைத் தொட்டால் சர்க்கரை நோய். ஆனால் சர்க்கரை இல்லாதவர் கொடுத்த ரத்தம் ஏறியிருந்தால் எண் பொய்யாக இறங்கும். ரத்தம் இழந்து மஜ்ஜை அவசரமாக இளம் செல்களை அனுப்பினாலும் இறங்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் நேர்மாறு, சர்க்கரை ஏறாமலே எண் கூடும். சிகிச்சை சரியாக இருந்தும் எச்பிஏ1சி ஏறுகிறது என்று மாத்திரையைக் கூட்டும் முன், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரையும் எச்பிஏ1சியும் ஒத்துப்போகவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது எச்பிஏ1சியைத்தான்.

குடி கெடுக்கும் கல்லீரலைச் சுருக்கமாக முடிக்கிறேன். கல்லீரல் ரிப்போர்ட்டில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் இரண்டும் உடைந்த செல்லிலிருந்து கசிபவை. கல்லீரல் சுருங்கிவிட்டால் உடைய மிச்சமே அதிகம் இல்லை, எண்கள் அழகாக நார்மலுக்கு வந்து நிற்கும். தட்டணு (பிளேட்லெட்) 1.5 லட்சத்துக்குக் கீழே இறங்குவதும் கல்லீரல் செய்யும் ஆல்புமின் என்ற புரதம் குறைவதும்தான் அப்போது விஷயத்தைச் சொல்லும்.

கடைசியாக மாரடைப்பு. ரத்தக்குழாய் அடைத்ததும் செல்கள் மூச்சுத் திணறிச் சாகத் தொடங்கும். ஆனால் இதயத் தசையின் புரதமான ட்ரோபோனின் ரத்தத்தில் தெரியும் அளவுக்குக் கசிய நேரம் ஆகும், முதல் ஈசிஜியும் சுத்தமாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் தாடை வலி, வியர்வை, மூச்சு வாங்கல் என்று வரும், வாயு என்று சோடா குடிப்பார்கள். இப்படிச் சில நிமிடம் நீடித்தாலே பைக்கில் ஏறாமல் ஆம்புலன்ஸில் போங்கள். முதல் ஈசிஜியும் முதல் ட்ரோபோனினும் நார்மல் என்று சொன்னாலும், மறுபடி எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டு, அந்த இரண்டாவது ரிப்போர்ட் கைக்கு வரும்வரை அந்தக் கட்டிலை விட்டு இறங்காதீர்கள்.