டியூஷனுக்கு முன்னால் ஓர் இருபது ரூபாய் பாட்டில்

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளை என்னிடம் அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு குறை சொல்வார்கள். "காலைல ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கிறான்." "ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறான்." உணவியல் ஆலோசகராக நான் முதலில் கேட்பது, சாயங்காலம் என்ன குடிக்கிறான் என்றுதான். அம்மா "டீ" என்பார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "டியூஷன் போற வழியில எனர்ஜி டிரிங்க்" என்பான்.

இருபது ரூபாய்க்குப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது. குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற எச்சரிக்கையை பாட்டிலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அச்சிட்டும் இருக்கிறார்கள், சின்ன எழுத்தில். பரவலாக விற்கும் ஒரு வகையில் 100 மி.லி.க்கு 29 மி.கி. காஃபின், அதாவது காபியில் இருக்கும் அதே தூக்கம் விரட்டி. 250 மி.லி. குடித்தால் 72 மி.கி. பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. வரைதான் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. 40 கிலோ பையனுக்கு 120 மி.கி. பரீட்சை நேரத்தில் இரண்டு பாட்டில் உள்ளே போனால் அதைத் தாண்டிவிடும், வீட்டுக் காபியைச் சேர்க்காமலே.

உடம்பில் ஏறிய காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்தது பதினொரு மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். அப்புறம் தூக்கம் எங்கிருந்து வரும்? ஒரு மணிக்குப் படுத்தவன் ஏழேகால் வேனுக்கு அரக்கப்பரக்க எழுந்தால் இட்லி இறங்காது. வெறும் வயிறு, மாலையில் சோர்வு, மறுபடி அதே பாட்டில். பெற்றோர் சொன்ன இரண்டு குறையும் ஒன்றுதான். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

திட்டினால் ஒளித்துக் குடிப்பார்கள். நான் பாட்டிலை அவன் கையிலேயே கொடுத்து லேபிளைப் படிக்கச் சொல்வேன். அது கோலா பாட்டிலாக இருந்து, 100 மி.லி.க்குச் சர்க்கரை 11 கிராம் என்றிருந்தால், 250 மி.லி.யில் 27 கிராமுக்கு மேல். அதைச் சர்க்கரை டப்பாவிலிருந்து டீஸ்பூனால் அவனே தட்டில் எடுத்துப் போடட்டும். தலை தட்டி ஏழு ஸ்பூன் வரும். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதற்குமேல் நான் எதுவும் பேசுவதில்லை. இந்த வயதில் அறிவுரையைவிடத் தானே போட்ட கணக்கைத்தான் நம்புகிறார்கள்.

அடுத்தது பசி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பெரிய பிள்ளைகளுக்கு வீடுதான் கதி. உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை என்றால் பொடி தடவிய இட்லியை டப்பாவில் கொடுங்கள், வேனில் சாப்பிடட்டும். டியூஷனுக்கு முன்னால் சுண்டல், அவித்த வேர்க்கடலை, முட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று வயிற்றுக்குள் போயாக வேண்டும். இருபது ரூபாயைப் பிடுங்க வேண்டாம். அதே காசில் இரண்டு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் வாங்கலாம் என்று காட்டிவிட்டு, தேர்வை அவனிடமே விடுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் நான் கூடுதலாகக் கேட்பது தண்ணீரைப் பற்றி. பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீரே தொடாதவர்கள் பலர். வீட்டுக்கு வந்ததும் ஜில்லென்று எதையாவது தேடுவது தாகத்தால்தான். முதலில் ஒரு சொம்பு மோர் கொடுங்கள். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். அது சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை முழுதாக உடம்பில் சேர விடாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "குண்டாயிட்டே" என்ற பேச்சை மட்டும் வீட்டில் யாரும் எடுக்காதீர்கள். மறுநாளே சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்தவற்றை விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. பிள்ளைகள் மாலை முழுவதும் இருப்பதோ டியூஷன் சென்டரில். ஆறரை மணிக்குப் பத்து நிமிட இடைவேளை, குடிக்க நல்ல தண்ணீர், கொண்டுவந்த டப்பாவைத் திறக்க அனுமதி, இந்த மூன்றையும் டியூஷன் சாரிடம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் நடக்காது. நாலு பெற்றோராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.