உராய்வு சக்தி அல்ல, உராய்வு விசை

அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான், தமிழ் வழி. போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஏதோ பாட வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "மாமா, உராய்வு சக்தியை ஜூல்ல அளக்கணுமா, நியூட்டன்லயா?" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. வீடியோவில் பேசியவர் உராய்வு சக்தி, ஈர்ப்பு சக்தி, தள்ளும் சக்தி என்று வாய்க்கு வாய் சக்தியாகவே உதிர்த்துக்கொண்டிருந்தார். பையனின் பாடப்புத்தகத்திலோ விசை என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது.

விசை பழைய சொல். சங்கப் பாட்டிலேயே 'கடுவிசைக் கவண்' வருகிறது. வேகம், இழுத்துவிட்ட முறுக்கு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அறிவியல் தமிழ் செய்தவர்கள் வேகத்தைத் தனியே பிரித்துவிட்டு, அந்த வேகத்தை மாற்றுவது எதுவோ அதற்கு மட்டும் விசையை ஒதுக்கினார்கள். சக்தி வடசொல், 'இயலுதல்' என்று பொருள்படும் வேரிலிருந்து வருவது. ஒன்றைச் செய்யக்கூடிய வல்லமை. அதற்குத்தான் நம் புத்தகங்கள் ஆற்றல் என்கின்றன. விசையை அளப்பது நியூட்டனில், ஆற்றலை அளப்பது ஜூலில். உராய்வுக்கு உராய், உரசு, உரைகல் என்று பெரிய குடும்பமே இருக்கிறது, அதில் யாருக்கும் சண்டை இல்லை.

சரி, சண்டைக்கு வருவோம். சக்தி என்றால் எல்லோருக்கும் புரியும், விசை புத்தகத் தமிழ் என்பார்கள். காசிமேட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள். வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை வரும்போது, 'விசைப்படகுகள் கரையில் நிறுத்தம்' என்று எல்லா டிவியும் சொல்கிறது. எந்தச் செய்தி வாசிப்பாளரும் சக்திப்படகு என்றதில்லை. விசைத்தறி, விசைப்பலகை எல்லாம் பேச்சில் புழங்குகிற சொற்கள்தான். அந்த விசைக்கு இயந்திரம், பொத்தான் என்றெல்லாம் பொருள் நெகிழ்ந்திருக்கிறது, அது உண்மை. ஆனால் சொல்லே அந்நியம் என்பது பொய். அதே வாசிப்பாளர் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மட்டும் ஏன் 'புவியீர்ப்பு சக்தியை மீறி' என்று ஆரம்பிக்கிறார்?

நான் தனித்தமிழ்க்காரன் இல்லை. பஸ், பிரேக் என்றுதான் எழுதுவேன். சக்தி வடசொல் என்பதும் எனக்குப் பிரச்சினை இல்லை. ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கும் மாட்டிவிட்டால் விளக்கவே முடியாமல் போகிறது, அதுதான் பிரச்சினை.

பையனைக் கேரம் போர்டு முன்னால் உட்காரவைத்தேன். ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் சொச்சம். இந்த இரண்டையும் விரலால் ஒரே விசையோடு தள்ளினால் காய்க்கு ஏறத்தாழ மூன்று மடங்கு முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) கிடைக்கும், நிறை (ஆங்கிலத்தில் மாஸ்) குறைவு என்பதால். இனிதான் முக்கியமான இடம். விரல் விட்ட கணமே விரலின் விசை முடிந்துபோகிறது. ஸ்ட்ரைக்கர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அதனிடம் மிச்சமிருப்பது இயக்க ஆற்றல். ஓடுவதற்கு விசை தேவையில்லை, வேகம் கூடவோ குறையவோ திசை திரும்பவோதான் விசை வேண்டும் என்பது 1687லேயே நியூட்டன் எழுதிவைத்தது. விரல் விட்ட பிறகு வேகத்தைக் குறைப்பது பலகையின் உராய்வு விசை. பவுடர் தூவினால் அது குறைகிறது, ஸ்ட்ரைக்கர் எதிர்ச்சுவர்வரை போய் மோதித் திரும்புகிறது. (ஒரே வேகத்தில் விட்டால் ஸ்ட்ரைக்கரும் காயும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் நிற்கும். கனமானது பலகையை அதிகம் அழுத்துவதால் உராய்வும் அதிகம், ஆனால் அதன் வேகத்தைக் குறைப்பதும் அதே அளவு கடினம். பையன் இதை நம்பவே இல்லை, பவுடர் டப்பா தீரும்வரை சோதித்துப் பார்த்தான்.)

இதைச் சக்தித் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'விரல் விட்டதும் சக்தி முடிந்தது, ஆனால் சக்தி இருக்கிறது. பிறகு உராய்வு சக்தி இயக்க சக்தியை வெப்ப சக்தியாக மாற்றுகிறது.' இதில் எது நியூட்டன், எது ஜூல்? இலங்கைத் தமிழில் ஆற்றலைச் சக்தி என்றுதான் எழுதுகிறார்கள், ஆனால் அவர்களும் இந்த இடத்தில் விசை என்று பிரித்துவிடுகிறார்கள். பாக் நீரிணையின் இரு கரையும் ஒத்துப்போகிற கலைச்சொற்கள் கொஞ்சம்தான், அதிலும் ஒன்றைக் கெடுக்க வேண்டுமா? 'அவர் வெற்றிக்குப் பின்னால் இருந்த சக்தி' என்று மேடையில் பேசுங்கள், தாராளமாக. உராய்வை விட்டுவிடுங்கள்.

நிறையின் கதை இன்னும் சிக்கல். நிறு என்றால் தராசில் நிறுப்பது, அதிலிருந்து வந்த நிறை முதலில் எடையைத்தான் குறித்தது. இலங்கையில் இன்றும் நிறை என்றால் எடை, நாம் நிறை என்பது அவர்களுக்குத் திணிவு. திணிவு நல்ல சொல், பொருள் திணிந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது, நாம் அதை எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் இரண்டில் எதுவானாலும் தேவலை என்று ஆகிவிட்டது இப்போது, ஏனென்றால் மெஷினில் போட்டு எடுத்த மொழிபெயர்ப்பு ஒன்றில் 'ஒரு பொருளின் வெகுஜனம் அதிகரித்தால்' என்று படித்தேன். திருத்துவதற்கு ஒரு ஆள்கூட அதைப் படித்துப் பார்க்கவில்லை. அந்த வரியைப் பையனிடம் காட்டினேன். "மாஸ்னா தியேட்டர்ல விசில் அடிக்கிற மாஸா மாமா?" என்றான்.